காலனி ஆட்சி போனபின் எது மிஞ்சியது, அதைத் தக்கவைத்தது யார்?

கேள்வியின் சுருக்கம் இது: ‘ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்று அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்னமும் எல்லாக் கோளாறுக்கும் காலனி ஆட்சியையே காரணம் காட்டுவது சரியா? அரசியலிலும் பண்பாட்டிலும் அடையாளத்திலும் அதன் பாதிப்பு உண்மையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?’

நிறையவே மிச்சம் இருக்கிறது. ஆனால் அது எப்படி மிஞ்சியது என்பதில் நான் இரு தரப்போடும் மாறுபடுகிறேன். ‘எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை’ என்பது ஒரு தரப்பு. ‘போனவனைப் பற்றி இன்னும் என்ன பேச்சு’ என்பது மறுதரப்பு. காலனி ஆட்சி விட்டுச்சென்றவற்றில் சில, புதிய நாடுகளின் தலையில் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டவை. வேறு சில, புதிய ஆட்சியாளர்கள் தங்களுக்கு உதவும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டவை. முதல் வகைக்கு லண்டனும் பாரிஸும் பிரஸ்ஸல்ஸும் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் வகைக்கு டெல்லியும் கொழும்பும் ருவாண்டாவின் கிகாலியும் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸும் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்காதவரை விவாதம் ஓர் அடிகூட நகராது.

ஏற்றப்பட்ட சுமையிலிருந்து தொடங்குகிறேன். ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையைத் தோற்கடித்து, 1804-இல் தனி நாடு கண்டார்கள். 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். உடைமை இழந்த தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு தந்தால்தான் உங்கள் விடுதலையை ஏற்போம் என்றார். அந்த உடைமைக் கணக்கில் அடிமைகளும் அடக்கம். 1838-இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. அதைக் கட்டுவதற்கு ஹெய்ட்டி பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்கியது. அந்தக் கடன்கள் முழுவதும் அடைபட 1947 ஆகிவிட்டது. சங்கிலியை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அந்தச் சங்கிலிக்கு விலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நாடு ஏன் ஏழையாக இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தோனேசியாவுக்கும் இதே கதிதான். நான்கு ஆண்டுப் போருக்குப் பிறகு, 1949-இல் ஹேக் நகர வட்டமேசை மாநாட்டில், டச்சுக் காலனி அரசின் 400 கோடி கில்டருக்கு மேற்பட்ட கடனை ஏற்றுக்கொண்டுதான் அது இறையாண்மையைப் பெற்றது. தங்களை அடக்க நடந்த போரின் செலவும் அதில் இருக்கிறது என்று இந்தோனேசியத் தரப்பு வாதாடிப் பார்த்தது. முழுதாக எடுபடவில்லை. மிச்சக் கடனைக் கட்ட முடியாது என்று 1956-இல் அறிவித்தார்கள்.

பணத்தோடு இது நிற்கவில்லை. 1958 செப்டம்பரில் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளிடம், ‘பிரெஞ்சுச் சமூகம்’ என்ற தன் கூட்டமைப்புக்குள் தொடர்கிறீர்களா என்று வாக்கெடுப்பு நடத்தியது. ‘இல்லை’ என்று சொன்ன ஒரே நாடு கினி. பிரெஞ்சு அதிகாரிகள் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். கோப்புகளையும் கருவிகளையும் எடுத்துச் சென்றார்கள். ‘ஆம்’ என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் கழித்து விடுதலை பெற்ற அண்டை நாடுகள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பிரான்ஸ் 1945-இல் உருவாக்கிய சிஎஃப்ஏ பிராங்க் நாணயத்திலேயே தங்கின. தங்கள் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் குறைந்தது பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் போட்டுவைக்க வேண்டும் என்பது விதி. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்த விதியைக் கைவிட 2019-இல்தான் ஒப்பந்தம் வந்தது. 1994 ஜனவரியில் அந்த நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாக வெட்டப்பட்டது. கொடியும் தேசிய கீதமும் இருந்தும், தன் நாணயத்தின் மதிப்பைத் தானே முடிவுசெய்ய முடியாத அரசின் விடுதலையை முழு விடுதலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காங்கோவில் நடந்ததை மன்னிக்கவே முடியாது. மேற்கு ஐரோப்பா அளவுக்குப் பரந்த அந்த நாடு 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றபோது, அங்கே பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோலியர்கள் இருபது பேருக்கும் குறைவு. பெல்ஜியம் உயர்கல்வியைத் திட்டமிட்டே மூடி வைத்திருந்தது. பதினோராம் நாள், செம்புச் சுரங்கங்கள் நிறைந்த கட்டங்கா மாகாணம் பெல்ஜியத்தின் ஆதரவோடு பிரிவினை அறிவித்தது. பிரதமர் பட்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரி 17 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். எஞ்சிய ஒரு பல்லை பெல்ஜியம் அவர் குடும்பத்திடம் ஒப்படைத்தது 2022-இல். இதற்குப் பிறகு ஆட்சியைப் பிடித்தவர்தான் மொபுட்டு. அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இனி, இரண்டு கணக்கிலும் வரும் ஒன்று: எல்லைகள். பெர்லின் மாநாட்டுக்குப் (1884–85) பிறகு ஐரோப்பியர் வரைபடத்தில் கோடு போட்டுப் பங்கிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோடுகளுக்கு ஆப்பிரிக்கத் தலைவர்களே முத்திரை குத்தியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்பது என்று தீர்மானித்தது. சோமாலியாவும் மொராக்கோவும் மட்டும் ஏற்கவில்லை. அந்தத் தீர்மானத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கோட்டைத் திறந்தால் எல்லாக் கோடும் திறந்துகொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. ஆப்பிரிக்காவில் நாடுகளுக்கிடையே எல்லைப் போர்கள் குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்கு உள்நாட்டில் கொடுத்த விலை பெரிது. நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பயாஃப்ராவில் 1967 முதல் 1970 வரை லட்சக்கணக்கானோர் பட்டினியில் மாண்டார்கள். தெற்கு சூடான் பல பத்தாண்டுப் போருக்குப் பிறகே 2011-இல் பிரிந்தது.

இந்தியத் துணைக்கண்டத்தில் கோடு போட வந்த சிரில் ராட்கிளிஃப் அதற்குமுன் இந்தியாவையே பார்த்ததில்லை. 1947 ஜூலை 8 அன்று வந்தார். எல்லை அறிவிப்பு வெளியானது ஆகஸ்ட் 17 அன்று. விடுதலை நாளில், தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் பஞ்சாபிலும் வங்காளத்திலும் ஊர் ஊராக மக்கள் காத்திருந்தார்கள்.

தெரிந்தே வைத்துக்கொண்டவை என்றால் சட்டங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்திய அரசியலமைப்பின் கணிசமான பகுதி, 1935-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு, மாகாண ஆட்சியை ஆளுநர் தன் கையில் எடுத்துக்கொள்ள வழிசெய்தது. அதுதான் அரசியலமைப்பில் 356-ஆம் பிரிவாக உட்கார்ந்தது. அரசியல் நிர்ணய சபையிலேயே எதிர்ப்பு எழுந்தது. இது பயன்படுத்தப்படாமலே கிடக்கும் என்று நம்புவதாக அம்பேத்கர் 1949-இல் சொன்னார். 1959-இல் கேரளத்தில் பெரும்பான்மை இருந்த அரசையே அதை வைத்துக் கலைத்தார்கள். இன்றுவரை நூறு தடவைக்கு மேல் பயன்படுத்திவிட்டார்கள். பிரிட்டிஷார் அந்தக் கருவியைச் செய்தது உண்மை. நூறு தடவை பயன்படுத்தியது அவர்கள் அல்ல.

ராஜத்துரோகச் சட்டமும் இப்படித்தான். 1870-இல் சேர்க்கப்பட்ட 124ஏ பிரிவில் திலகர் தண்டிக்கப்பட்டார், காந்தி 1922-இல் தண்டிக்கப்பட்டார், வ.உ.சிதம்பரனார் 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றதும் இந்தக் குற்றச்சாட்டை ஒட்டித்தான். செக்கிழுத்தவரைத் தியாகி என்று போற்றிய அரசுகள், அவரைச் செக்கில் பூட்டிய பிரிவை எழுபது ஆண்டுகளுக்கு மேல் தூக்கி எறியவில்லை. உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம்தான் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. அதன் 152-ஆம் பிரிவு வேறு சொற்களில் அதே அதிகாரத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது என்ற விமர்சனம் எனக்குச் சரியாகவே படுகிறது. பெயரை இந்தியப்படுத்துவதால் மட்டும் ஒரு சட்டத்தின் காலனிக் குணம் போய்விடாது. குடிமகனைச் சந்தேகத்துக்கு உரியவனாக நடத்துவதா, உரிமை உள்ளவனாக நடத்துவதா என்பதில்தான் அந்தக் குணம் இருக்கிறது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே விட்டுவிட முடியாது. 1871-இல் வடக்கே தொடங்கிய அந்தச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்றது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கியது. ஆனால் அதன் இடத்தில் வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. சீர்மரபினர் இன்றுவரை காவல் நிலையங்களில் முதல் சந்தேகத்துக்கு ஆளாவது அந்த வகைப்பாட்டின் நீட்சிதான். ஒரு நிர்வாகப் பட்டியல் எப்படி மக்களின் அடையாளமாகவே உறைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

இதே உறைதலின் மிகக் கொடிய முடிவை ருவாண்டா கண்டது. ஹுட்டு, டுட்சி என்ற பிரிவுகள் காலனி ஆட்சிக்கு முன்பும் உண்டு. ஆனால் அவை பெருமளவு மாடு, நிலம், அரசவைச் செல்வாக்கு சார்ந்தவை; ஓரளவு மாறக்கூடியவை. பெல்ஜியம் 1930-களில் அடையாள அட்டை கொடுத்து, ஒவ்வொருவரின் இனத்தையும் அதில் எழுதியது. டுட்சிகளைத் தூக்கிப் பிடித்தது. 1959 வாக்கில் அணி மாறி ஹுட்டுகளை ஆதரித்தது. இதுவரை பெல்ஜியத்தின் குற்றம். 1962-இல் விடுதலை பெற்ற ருவாண்டா அந்த அட்டையைக் கிழித்து எறிந்திருக்கலாம். புதிய ஆட்சியாளர்கள் எறியவில்லை. பள்ளி இடங்களையும் அரசு வேலைகளையும் பங்கிட அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1994-இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைக் காட்டச் சொல்லித்தான் ஆளை அடையாளம் கண்டு வெட்டினார்கள். நூறு நாளில் மாண்டவர்கள் சுமார் எட்டு லட்சம் பேர். இன வரி அதற்குப் பிறகுதான் அட்டையிலிருந்து நீங்கியது.

தமிழ் வாசகர்கள் இதையெல்லாம் தூரத்துக் கதையாகப் பார்க்க வேண்டியதில்லை. இலங்கை 1948 பிப்ரவரி 4-இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலை, ரப்பர் தோட்டங்களில் உழைத்த சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களுடைய முன்னோர் 1820-களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்கள். தந்தை இலங்கையில் பிறந்ததை, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயன்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்த தொழிலாளி அந்தத் தாளுக்கு எங்கே போவான்? சட்டத்தின் அரசியல் காரணமும் வெளிப்படை. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. 1949-இல் வாக்குரிமையும் பறிபோனபின், 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை.

சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்று பிரிட்டிஷார் அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவை எழுதிவைத்துப் போனார்கள். அதை நம்பி நடத்திய வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953-இல் பிரிவி கவுன்சில் சட்டம் செல்லும் என்றது. ஆக, தொழிலாளரைக் கொண்டுபோனது காலனி ஆட்சி. குடியுரிமையைப் பறித்தது விடுதலை பெற்ற அரசு. அதற்கு ஒப்புதல் தந்தது மறுபடியும் லண்டன். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்கள்’ ஆனார்கள். இலங்கையில் அவர்கள் ‘இந்தியாக்காரர்கள்’. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. காலனி நீக்கத்தைக் கொண்டாடும் எந்த வரலாற்றிலும் இந்த 55 ஆண்டுகளுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மொழியில் விஷயம் இன்னும் சிக்கலானது. ஆதிக்க மொழியை நீக்கினால் விடுதலை முழுமையாகும் என்பது கேட்க நன்றாக இருக்கும். அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் கண்ணி இருக்கிறது. இலங்கை 1956-இல் ஆங்கிலத்தை இறக்கிவிட்டுச் சிங்களத்தை மட்டும் ஏற்றியது. பாகிஸ்தான் உருதுவை மட்டும் ஏற்றப் பார்த்தது. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். அந்தப் பிளவு 1971-இல் வங்கதேசத்தில் போய் முடிந்தது. அல்ஜீரியா 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக்கு எதிராக அரபுமயமாக்கலை முடுக்கியது. பிரெஞ்சுக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கே பேசப்பட்டுவந்த பெர்பெர் மொழிக்காரர்கள் 1980-இல் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. தமாசிக்த் எனப்படும் அந்த மொழி ஆட்சிமொழியானது 2016-இல்.

தமிழ்நாடு 1965-இல் நின்ற இடமும் இதுதான். அரசியலமைப்பு சொன்ன 15 ஆண்டு முடிந்து, ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஒன்றிய ஆட்சிமொழி என்ற நிலை வரும் என்ற அச்சம் எழுந்தபோது, மாணவர்கள் ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று போராடினார்கள். காலனி மொழியைக் காப்பாற்றினார்கள் என்று அவர்களைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆள வந்தவனின் மொழி போன பிறகும் ஆளப்படுபவர்களாகவே இருக்கச் சம்மதியாதவர்கள் அவர்கள் என்பேன். அதே வேளையில், நீதிமன்றமும் உயர்கல்வியும் தமிழுக்குள் வராமல் போனதற்கு அந்தப் போராட்டத்தைச் சாக்காகச் சொல்வதை ஏற்க முடியாது. அது நாமே செய்யாமல் விட்ட வேலை.

இதில் இந்தோனேசியா காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1928 இளைஞர் உறுதிமொழியிலேயே மலாய் மொழியைப் பொதுமொழியாகத் தேர்ந்தார்கள். எண்ணிக்கையில் மிகப் பெரிய இனமான ஜாவானியர், தங்கள் மொழிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. மலாய் துறைமுகங்களின் வணிக மொழி. யாருக்கும் தனிச் சலுகை தராத மொழி. டச்சு மொழி ஒரே தலைமுறையில் பொதுவாழ்விலிருந்து மறைந்தது. பெரிய இனம் விட்டுக்கொடுத்ததால் கைகூடிய காரியம் இது.

பண்பாட்டு விடுதலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொபுட்டு 1971-இல் காங்கோவுக்கு ஜயர் என்று பெயர் மாற்றினார்; கிறித்தவப் பெயர்களை விடச் சொன்னார்; கோட்டும் கழுத்துப்பட்டையும் கூடாது என்றார். சுரங்க வருவாய் அவர் குடும்பத்துக்கே போனது. எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். பெயர் மாற்றத்தை மட்டும் வைத்து ஓர் அரசை மதிப்பிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கொள்ளைபோன கலைப்பொருள்கள் வேறு விஷயம். அவை திரும்பியே ஆக வேண்டும். 1897-இல் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரைச் சூறையாடி எடுத்துச்சென்ற வெண்கலச் சிற்பங்களில் ஒரு பகுதியை ஜெர்மனி 2022-இல் நைஜீரியாவிடம் தந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நாடாளுமன்றமே மாற்றலாம். திரும்பிய சிற்பங்கள் பெனின் மன்னர் ஒபாவுக்கா, நைஜீரிய அரசுக்கா என்ற வழக்கு உள்நாட்டில் எழுந்ததைக் காட்டி, ‘பார்த்தீர்களா, அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை’ என்கிறார்கள். திருட்டுப் பொருளின் வாரிசுகளுக்குள் வழக்கு இருப்பதால் திருடியவருக்கு உரிமை வந்துவிடுமா?

இழப்பீட்டில் ஒரு வழக்கு எனக்கு நம்பிக்கை தருகிறது. கென்யாவின் மாவ் மாவ் எழுச்சியை அடக்கியபோது முகாம்களில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள், வயதான காலத்தில் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கின் அழுத்தத்தில்தான், காலனிகளிலிருந்து ரகசியமாக எடுத்துவந்து ஒளித்துவைத்த ஆயிரக்கணக்கான கோப்புகள் இருப்பதை பிரிட்டன் 2011-இல் ஒப்புக்கொண்டது. 2013-இல் 5,228 பேருக்குச் சேரும்படி ஏறத்தாழ 2 கோடி பவுண்ட் தரச் சம்மதித்தது. ஆளுக்குப் பிரித்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களே வழக்காடிப் பெற்றது. நமீபியாவில் 1904–08-இல் ஹெரேரோ, நாமா மக்களை அழித்ததை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு, ஜெர்மனி 2021-இல் 110 கோடி யூரோ தர முன்வந்தது. அது இரண்டு அரசுகளுக்கிடையே பேசிய பேச்சு. எங்கள் பெயரில் பேசியவர்கள் யார் என்று ஹெரேரோ, நாமா அமைப்புகள் பல இன்னும் எதிர்க்கின்றன.

காலனி ஆட்சி முடிந்துபோன கதை என்பவர்களுக்கு ஒரு தகவல். காலனியத்தைக் கைவிடக் கோரும் 1514-ஆம் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 1960 டிசம்பர் 14 அன்று நிறைவேற்றியது. ஆதரவு 89, எதிர்ப்பு இல்லை. வாக்களிக்காமல் ஒதுங்கிய ஒன்பது நாடுகளில் பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், போர்ச்சுகல், ஸ்பெயின், அமெரிக்கா ஆகியவை உண்டு. தன்னாட்சி பெறாத பகுதிகள் என்று ஐ.நா. வைத்திருக்கும் பட்டியலில் இன்றும் 17 இடங்கள் இருக்கின்றன. பரப்பிலும் மக்கள்தொகையிலும் அவற்றுள் பெரியது மேற்கு சஹாரா. ஸ்பெயின் 1975–76-இல் வெளியேறியபோது உள்ளே வந்தது ஐரோப்பிய நாடு அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பு தானே விடுதலை பெற்ற மொராக்கோ. அந்த மக்கள் தங்கள் எதிர்காலத்தை முடிவுசெய்ய வாக்கெடுப்பு நடத்துவதற்கென்று 1991-இல் ஐ.நா. ஒரு குழுவை அமைத்தது. குழு இன்னும் அங்கே இருக்கிறது, வாக்கெடுப்பு நடக்கவில்லை.